மேட்டில் கேட்ட சத்தம்

மணி ஏழு இருபது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி மேடு தொடங்கும் இடத்தில் அவர் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். மனைவி பக்கத்து சீட்டில், மடியில் லேப்டாப்புடன் இருந்தாள்.

வண்டி பல் டாக்டரம்மாவுடையது. இரண்டே பேர் உட்காரலாம். கரும்பச்சை நிறம். தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் ஏறுவது கிணற்றில் இறங்குவது மாதிரி. இன்ஜினுக்கு மேலே சூப்பர்சார்ஜர். பெல்ட்டில் சுழன்று, காற்றை அமுக்கி, இன்ஜினின் தொண்டைக்குள் திணிக்கும் உருளை. அதன் பேரிங் போய்விட்டது. மூன்று வாரம் ஷெட்டில் கிடந்தது வண்டி. கழற்றி, பேரிங் மாற்றி, திரும்பப் பூட்டி, இன்றுதான் ரோட்டைப் பார்க்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு டாக்டரம்மா வந்து எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மலைப்பாதைப் போட்டி.

பாதி மேட்டில் அவளுக்குக் கேட்டது.

கண்ணாடி பாட்டிலில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கினால் வரும் சத்தம். மெல்லியது. இன்ஜினின் உறுமல் கீழே தனியாக ஓட, இது மேலே தனியாக ஓடியது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சந்தோஷம் மட்டும் இருந்தது.

"பட்டு மாதிரி போகுது," என்றார்.

"கால எடுங்க."

எடுத்தார். சத்தம் நின்றது.

"என்ன?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பன்னிரண்டு பங்கு காற்று. காற்றைத் திணிக்கும்போது அதற்கு மேல் ஏறக்கூடாது. பதினாலு காட்டியது.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். பதினாலு என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. லீன் என்பார்கள். சும்மா போகும் வண்டிக்குப் பதினாலு நல்ல எண். சூப்பர்சார்ஜர் முழு வேகத்தில் ஊதும்போது அதே பதினாலு கொள்ளி. உள்ளே சூடு ஏறி, வெடிக்க வேண்டிய நேரத்துக்கு முன்னால் வெடித்து, பிஸ்டன் தலையைச் சுத்தியலால் அடிப்பது போல அடிக்கும். அப்போது வருவதுதான் அந்த ஆணிச் சத்தம். இன்ஜின் தட்டுகிறது என்பார்கள். கொஞ்ச நேரம் விட்டால் பிஸ்டனில் ஓட்டை.

"தட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. ஸ்க்ரீன்லதான் பாத்தேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் வண்டி விஷயத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் பொய். மற்ற விஷயங்களில் சொன்னதற்குக் கணக்கில்லை.

திரும்பும்போது அவர் இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தார். தட்டவில்லை, நல்ல வேளை, என்று ஒரு தடவை சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பொய்க்குக் காரணம் இருந்தது. பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு மெக்கானிக் இருந்தார். காது மந்தம். ஊரே அவரைச் சைலன்சர் என்று கூப்பிட்டது. ஒருமுறை அவர் கையிலிருந்து வந்த வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றது. அதை அவள் கணவர் பிரித்தார். பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள், சைலன்சரும் நிற்கிறார். இவர் நட்டைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: காது கேக்காதவன் இன்ஜினத் தொடக்கூடாது, கண்ணு தெரியாதவன் சவரக்கத்தி பிடிக்கிற மாதிரி அது. சைலன்சருக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் கடையை மூடிவிட்டு ஒரு கிடங்குக்குக் காவலுக்குப் போய்விட்டார்.

இவர் காதுக்கு என்ன ஆனது என்று அவளுக்கு ஒரு வருஷமாகத் தெரியும். பேச்சு கேட்கும். கதவு கேட்கும். லாரி கேட்கும். மெல்லிய, உயரமான சத்தங்கள் மட்டும் போய்விட்டன. கடிகார அலாரம், காய்ச்சல் பார்க்கும் கருவியின் கீச்சு, ஜன்னல் கம்பியில் உட்காரும் குருவி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அலாரம் அடித்தால் அவரை முதுகில் தொட்டு எழுப்பினாள். சொன்னால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். சொன்ன சொல்லைத் தன் மேலேயே திருப்பிக்கொள்ளும் ஆள். அதுதான் பயம். ஸ்பேனர் இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று அவளால் யோசிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். அதுவே போதும்.

ஷெட் முன்னால், வீடு பின்னால். நடுவில் சமையலறை ஜன்னல். அவள் அடுப்படியில் நின்றால் இரண்டு வண்டிகளின் முதுகும் ஒரு வேலை மேசையும் தெரியும். மேசை மேல் பாதி அவருடையது, பாதி அவளுடையது. அவர் பக்கத்தில் இரும்பு. அவள் பக்கத்தில் லேப்டாப், வயர்கள், ஒரு பிஸ்கட் டப்பா.

எட்டு மணிக்கு இரும்புக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் நாலு வரி எழுதினார். ஃபில்டர். பம்ப். இன்ஜெக்டர். காற்றுக் கசிவு. சந்தேகப்பட்டதை மாற்றிப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. மாற்றுகிறவன் கடைக்காரன், பார்க்கிறவன்தான் மெக்கானிக் என்பார்.

ஃபில்டர் புதியது. ஊதிப் பார்த்துவிட்டுக் கதவில் அந்த வரியை அடித்தார். பம்ப்பின் குழாயைக் கழற்றிக் கேனில் விட்டு, அவள் கடிகாரத்தைப் பார்க்க, அரை நிமிஷம் ஓடவிட்டார். கேன் அளவு கோட்டைத் தாண்டியது. அடித்தார். இன்ஜெக்டர் நான்கையும் போன வாரம்தான் கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்ச விட்டு அளந்திருந்தார்கள். நான்கும் சமம். அடித்தார்.

மேகம் இறங்கி வந்திருந்தது. குளிர்ந்த காற்று கனமான காற்று. இந்த மாதிரி நாளில் லீன் வண்டி இன்னும் லீனாக ஓடும். அவர் வானத்தைப் பார்த்து முனகினார். பத்து மணிக்குத் தூறல் பிடித்தது. தகரக் கூரை பேச ஆரம்பித்தது.

தூறலோடு டியூப் வந்தான். அவளுடைய தம்பி. மூன்று கடை தள்ளி டயர் கடை. பெயர் வைத்தவர்கள் போய்விட்டார்கள், பட்டப்பெயர் நின்றுவிட்டது. மழை பெய்தால் பஞ்சர் குறைவு என்பது அவன் கண்டுபிடிப்பு. ஆகையால் மழை பெய்தால் அக்கா வீட்டில் டீ.

அவர் அப்போது கசிவைத் தேடிக்கொண்டிருந்தார். பழைய பெயின்ட் டப்பாவில் கொஞ்சம் எண்ணெய், சூடேற்றும் கம்பி ஒன்று, இரண்டு குழாய்கள். டப்பாவிலிருந்து புகையை இன்ஜினின் மூச்சுக்குழாய்க்குள் விட்டு, எல்லா வாயையும் அடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்ப்பது. எங்காவது வெடிப்பு இருந்தால் புகை காட்டிக்கொடுக்கும். நாலு நிமிஷம் பார்த்தார். புகை உள்ளேயே சமத்தாக இருந்தது.

டியூப் டீயை ஊதிக்கொண்டே, பம்ப்பைத் தூக்கிக் கடாசிவிட்டுப் புதுசு போடச் சொன்னான். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் திரையில் இன்னொன்றைக் காட்டினாள். காலையிலிருந்து அவளை உறுத்திய விஷயம். வண்டி நின்றபடி ஓடும்போது அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. அதாவது அப்போது பெட்ரோல் அதிகம். மேடு ஏறும்போது குறைவு.

"சும்மா நிக்கும்போது அள்ளி அள்ளித் திங்குது, வேலைன்னு வந்தா பட்டினி கெடக்குது," என்றான் டியூப். "எனக்கு நேர் எதிர் மாமா இது."

"உனக்கு ரெண்டு நேரமும் தீனிதான்," என்றாள் அவள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், அடிக்காதே. ஏதாவது அடைப்ப உள்ளயே வெச்சு மூடிட்டீங்களா?"

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் திறப்பார், அவள் மூடுவாள். ஒரு குழாயை அவர் கழற்றிய கையோடு, தூசி போகாமல் அதன் வாயை அவள் அடைத்துவிடுவாள். அடைப்புகள் பழைய ரப்பர் செருப்பின் அடியிலிருந்து வெட்டியவை. நீல நிறம். எத்தனை அடைத்தாள் என்று கதவில் எழுதுவாள். பூட்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பிஸ்கட் டப்பாவில் போட்டு எண்ணுவாள். எண்ணிக்கை சேராமல் ஒரு வண்டியும் ஷெட்டைத் தாண்டியதில்லை.

கதவில் இருபத்து மூன்று என்று இருந்தது. அவள் டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினாள். "இருபத்து மூணு. வேணும்னா நீயே எண்ணு. விரல் பத்தலைன்னா கால் விரலையும் சேத்துக்கோ."

தம்பி கும்பிடு போட்டுவிட்டு டீயைக் குடித்தான்.

அவள் சமையலறைக்குப் போனாள். வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது. தட்டியது என்று தெரிந்திருந்தால் அவர் முதலில் என்ன செய்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, உள்ளே கேமரா விட்டுப் பிஸ்டனைப் பார்த்திருப்பார். தட்டவில்லை என்று நம்பி, இப்போது வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை. அது அடுப்பு மேல் வைத்த பால் மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், திரும்பினால் பொங்கும்.

முட்டையை உடைத்து ஊற்றினாள். ரொட்டி சுட்டாள். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே தட்டை வாங்கிக்கொண்டார். எண்ணெய்க் கையில் ரொட்டியைக் காகிதத்தால் சுற்றிப் பிடித்துச் சாப்பிடுவார்.

தூறல் நிற்கட்டும், ரோடு காயட்டும் என்றார். டியூப்பிடம் நீளக் குழாய் வைத்த பிரஷர் கேஜ் இருக்கிறது. அதைப் பெட்ரோல் லைனில் மாட்டி, முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு மேடு ஏறலாம். நின்ற இடத்தில் சோதித்ததெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நோய் மேட்டில்தான் இருக்கிறது. மூன்று தடவை, நாலு தடவை, முழு மிதி மிதித்தால் தெரிந்துவிடும்.

"நாலு தடவையா?" என்றாள்.

"தட்டலல்ல. பயமில்ல."

அவள் கரண்டியைக் கழுவினாள். அது ஏற்கனவே கழுவியிருந்தது.

இரண்டரைக்கு ரோடு காய்ந்தது. பள்ளத்தில் மட்டும் ஈரம். பானெட் இடுக்கு வழியாக வந்த குழாயின் நுனியில் கேஜ், கண்ணாடிக்கு வெளியே டேப்பால் ஒட்டி, வைப்பரால் அமுக்கி வைக்கப்பட்டிருந்தது. டியூப் தானும் வருவதாகச் சொன்னான். எங்கே உட்காருவாய் என்று அவர் கேட்டதற்கு டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, ஸ்டெப்னி கூட இடமில்லை என்று சொல்லுகிறது என்றான்.

தண்ணீர்த் தொட்டி வந்தது. அவர் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கியரைப் போட்டார். அவள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அணைந்தது.

அவர் சாவியைப் பார்த்தார். பிறகு அவளை.

"காலைல தட்டுச்சு," என்றாள்.

தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் ரோட்டோரமாக ஓடிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ நேரம்?"

"அஞ்சாறு செகண்டு. நான் கால எடுங்கன்னு சொல்ற வரைக்கும்."

"நான் கேட்டேன்ல."

"கேட்டீங்க."

"இல்லன்னே."

"ஆமா."

ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறிப் போனார். அவர் முதுகு சிறிதாகும் வரை இருவரும் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்கலன்னு ஒனக்கு எப்போலருந்து தெரியும்?"

"போன மழைக்காலத்துலருந்து. ஃப்ரிட்ஜ் கதவு தெறந்து கெடந்து கத்திட்டே இருந்துச்சு. நீங்க பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

"ஃப்ரிட்ஜ் கத்துமா?"

"கத்தும்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு புதிய தகவலை ஏற்றுக்கொண்டவரைப் போல.

"எனக்கும் மூணு வாரமாத் தெரியும்," என்றார். "இந்த வண்டிய விட வந்தப்போ டாக்டரம்மா சொன்னாங்க, சூப்பர்சார்ஜர்ல விசில் மாதிரி ஒரு சத்தம் வருதுன்னு. பானெட்டத் தெறந்து நின்னேன். எனக்கு ஒண்ணும் வரல. ஆமாம்மா, வருதுன்னு சொன்னேன். அப்புறம் பெல்ட் ஓடுற புல்லியப் புடிச்சு ஆட்டிப் பாத்தேன். ஆட்டம் இருந்துச்சு. தப்பிச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

"சைலன்சர நான் என்ன பேசினேன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"பத்து பேருக்கு ஞாபகம் இருக்கும்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு இந்த வண்டிய நான் ஓகேன்னு குடுத்திருப்பேன். பட்டு மாதிரி இருக்குன்னு சொல்லி. ஞாயித்துக்கிழமை மூணாவது வளைவுல அந்தம்மா இன்ஜின் வெடிச்சு நின்னுருக்கும்."

"குடுக்கலையே."

"நீ இருந்தே."

"நான் எப்பவும் இந்த சீட்லதானே இருக்கேன். கேக்குற காது ஒண்ணு வண்டிலதான் உக்காந்திருக்கு. அத ஒருத்தரும் கேக்கறதில்ல."

அவர் அவள் காதைப் பார்த்தார்.

"அந்தக் காது பொய் சொல்லுதே," என்றார்.

"இனிமே சொல்லாது. வண்டி விஷயத்துல."

அவர் உதட்டோரம் சற்று இளகியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பிளக்கைக் கழற்றுவதுதான் முறை என்று முதலில் சொன்னார். பிறகு கேஜைப் பார்த்தார். மாட்டியாகிவிட்டது, மேடு முன்னால் இருக்கிறது. முழு மிதி வேண்டாம். பாதி. மூன்று செகண்டு. அவள் திரையைப் பார்க்க வேண்டாம், முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு ஆணி குலுங்கினாலும் சொல்ல வேண்டும். அவள் சொன்ன நொடியில் கால் மேலே வரும்.

சாவியைத் திருப்பினார்.

முள் மூன்றில் நின்றது. வண்டி மேட்டில் ஏறியது. சூப்பர்சார்ஜர் காற்றை விழுங்க ஆரம்பித்ததும் முதுகு சீட்டில் ஒட்டியது. பெட்ரோலின் அழுத்தமும் அதோடு சேர்ந்து ஏற வேண்டும். மூன்று. மூன்று. மூன்று.

"எடுங்க," என்றாள்.

எடுத்தார்.

"தட்டப் பாத்துச்சு. ஆரம்பிக்கல. முள்ளு மூணுலயே நிக்குதுங்க. அசையவே இல்ல."

"மூணுக்குக் கீழ போச்சா?"

"இல்ல. கீழயும் போகல, மேலயும் போகல. இப்போ சும்மா நிக்கும்போதும் மூணுதான்."

அவர் வண்டியை நிறுத்தினார். ஹேண்ட்பிரேக்கைப் போட்டார். முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பம்ப் பலவீனமாக இருந்தால் முள் மேட்டில் விழும். விழவில்லை. சும்மா நிற்கும்போது முள் இரண்டரைக்கு இறங்கி இருக்க வேண்டும். இறங்கவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. அவள் பயந்துபோனாள்.

"ரெண்டு நோய்னு நெனச்சோம்," என்றார். "ஒண்ணுதான். ரெகுலேட்டருக்குத் தகவலே போகல."

ரெகுலேட்டர் பெட்ரோலின் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சின்னக் குமிழ். இன்ஜினுக்குள் காற்று எப்படி இருக்கிறது என்று அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் சொல்லும். காற்று கம்மி என்றால் இறக்கும். காற்றைத் திணிக்கிறார்கள் என்றால் ஏற்றும். குழாய் ஊமையானால் ரெகுலேட்டர் ஒரே எண்ணில் உட்கார்ந்துகொள்ளும். சும்மா நிற்கும்போது அது அதிகம். மேட்டில் அது பட்டினி. குழாயில் வெடிப்பு இருந்தால் புகை காட்டியிருக்கும். வெடிப்பு இல்லை. அப்படியென்றால் அடைப்பு.

அடைப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் முகம் மாறியது.

"இருபத்து மூணு," என்றாள்.

"பாக்கலாம்."

ஷெட்டில் அந்தக் குழாயைக் கழற்றப் பத்து நிமிஷம் ஆனது. இன்ஜினுக்குப் பின்னால், தடுப்புச் சுவருக்கு ஒட்டினாற்போல் ஒரு மூலை. அங்கே கண் போகாது, கைதான் போகும். ஒரு சாண் நீளக் குழாய். அவளிடம் நீட்டினார். அவள் துடைத்து, வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது. டியூப் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அக்கா கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் இப்படித்தான் இருந்தார் என்றான். காற்று போகவில்லை.

அவர் பிளேடால் குழாயை நீளவாக்கில் கிழித்தார். உள்ளே, வாயிலிருந்து ஒரு விரல் தள்ளி, நீலமாக ஒரு வட்டு.

அவள் பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். இருபத்து மூன்று. இருபத்து மூன்றாவது மட்டும் மற்றவற்றில் பாதி உயரம். வெட்டு நேராக இருந்தது. குழாயிலிருந்து வந்த வட்டை அதன் மேல் வைத்தாள். பொருந்தியது.

நடந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். பூட்டும் அன்று அந்தக் குழாயின் நுனி வெடித்திருந்தது. புதுக் குழாய்க்குக் காத்திருக்காமல், வெடித்த நுனியை ஒரு விரல் அகலம் பிளேடால் வெட்டி எறிந்தார். உள்ளே அடைப்பு இருந்தது. செருப்பு ரப்பர் மிருது. குழாயோடு குழாயாக வெட்டுப்பட்டது கைக்குத் தெரியவில்லை. பாதி வெட்டிய துண்டில் போனது, பாதி குழாயிலேயே நின்றது. மேசையில் கிடந்த துண்டிலிருந்து அவள் நீலத்தைப் பிதுக்கி எடுத்து, இருபத்து மூன்று என்று எண்ணிவிட்டாள். அவர் இருட்டு மூலையில் குழாயைத் தடவித் தடவி மாட்டினார். மாட்டியபோது பாதி அடைப்பு இன்னும் உள்ளே போய்விட்டது.

"நான் எண்ணினேன், பாக்கல," என்றாள்.

"நான் வெட்டினேன், பாக்கல."

"நான் பாக்காமலே கண்டுபிடிச்சேன்," என்றான் டியூப். "காலைலயே சொன்னேன். கால் விரல எண்ணச் சொல்லி வெரட்டினீங்க."

அவனுக்கு அதற்கு மேல் பெருமைப்பட நேரம் கொடுக்கவில்லை. புதுக் குழாய் வாங்கிவர அனுப்பினார்கள். அவன் போனதும் ஷெட் அமைதியானது. இனி பார்க்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அவர் பிளக் ஸ்பேனரை எடுத்தார்.

நான்கு பிளக்கையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். ஒன்று, சுத்தம். இரண்டு, சுத்தம். மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பினார். பீங்கானில் மிளகுப் பொடி மாதிரி இரண்டு புள்ளிகள். பளபளத்தன. பிஸ்டன் உருகத் தொடங்கினால் முதலில் இப்படித்தான் காட்டும். நான்கு, சுத்தம்.

கேமரா வயரை மூன்றாவது துளையில் இறக்கினார். படம் அவள் லேப்டாப்பில் வந்தது. சாம்பல் நிறத் தரை. நிலவின் படம் மாதிரி. அவர் வயரை மெல்லத் திருப்ப, விளிம்பு சுற்றி வந்தது. அவள் ஓரத்திலேயே கண்ணை வைத்திருந்தாள். தேய்ந்து போனால் அங்கேதான் போகும். விளிம்பு முழுசாக ஒரு சுற்று வந்து முடிந்தது. இன்னொரு சுற்று கேட்டாள். வந்தது. பள்ளமில்லை, ஓட்டையில்லை, கூரான விளிம்பு அப்படியே இருந்தது.

சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தார். நான்கும் ஒன்றுக்கொன்று முடி அளவு வித்தியாசம்.

அவள் கவிழ்த்து வைத்த பெட்டி மேல் உட்கார்ந்தாள். அவர் கேமராவைச் சுருட்டினார். மூன்றாவது பிளக்கைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்தார். டாக்டரம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்றார். மறைக்க வேண்டாம்.

"மறைக்க வேணாம்," என்றாள் அவளும்.

புதுக் குழாயும் புதுப் பிளக்கும் போட்டு நாலு மணிக்கு மேட்டுக்குப் போனார்கள். வெயில் வந்திருந்தது. ரோடு ஆவி விட்டது. அவர் முதலில் பாதி மிதித்தார். முள் மூன்றிலிருந்து கிளம்பியது. மூன்று கால். மூன்றரை. திரையில் எண் பதினொன்றரையில் வந்து நின்றது. அவர் பார்வை ரோட்டில் இருந்தது, தலை அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

"இன்னும் மிதிங்க," என்றாள்.

மிதித்தார். மேட்டின் உச்சி வந்து, மறுபக்கம் முழுவதும் தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கும்போது அவர் விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் தாளம் வராது.

ஐந்து மணிக்கு டாக்டரம்மா வந்தார். கையில் இன்னும் மருந்து வாசனை. அவள்தான் எல்லாவற்றையும் சொன்னாள். அடைப்பைச் சொன்னாள், எண்ணியதைச் சொன்னாள், காலையில் தட்டியதைச் சொன்னாள். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அது தன் சரக்கு இல்லை என்று நினைத்தாள். பிளக்கை நீட்டினாள். டாக்டரம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில், சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலவே, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தாங்களும் வாயில் வைத்த பஞ்சை எண்ணித்தான் எடுப்பதாகச் சொன்னார். ஒருமுறை எண்ணிக்கை சரியாக வந்தும் ஒரு பஞ்சு நோயாளியோடு வீட்டுக்குப் போய்விட்டதாம். பிறகு, ஞாயிற்றுக்கிழமை முழு மிதி மிதிக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் மனைவியைப் பார்த்தார். மிதிக்கலாம் என்றாள் அவள்.

டியூப் வண்டியின் நாலு சக்கரத்தையும் காலால் தட்டிவிட்டு, காற்றுக்குத் தான் பொறுப்பு என்று அறிவித்தான்.

டாக்டரம்மா கிணற்றில் இறங்கி உட்கார்ந்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது. கதவு வரை உருண்டது. அப்போது அவள் கணவர் கைத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். ஜன்னல் பக்கம் குனிந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. மேசையருகே நின்ற அவளுக்கும், வாசலில் நின்ற அவள் தம்பிக்கும், ரோட்டில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கேட்டது.

"டாக்டரம்மா, பல்லுக்கு இல்ல, எங்காதுக்கு. நல்ல டாக்டர் யாராவது ஒங்களுக்குத் தெரியுமா?"